சர்ஜ் ப்ரொடெக்டர் மாட்டியும் ஆர்.வி. கருகுவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக ஆர்.வி., அதாவது உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி, வாங்கியவர்களை கேம்ப்கிரவுண்டில் பார்த்த உடனே தெரிந்துவிடும். வண்டி நிறுத்தும் இடத்தில் நிற்கிற மின்சாரப் பெட்டியில், அதாவது பெடஸ்டலில், பிளக்கைச் செருகுவார்கள், நடுவில் மாட்டிய சர்ஜ் ப்ரொடெக்டரில் (திடீரென்று பாயும் அதிக வோல்டேஜைத் தடுக்கும் பெட்டி) பச்சை விளக்கு எரிகிறதா என்று ஒரு பார்வை பார்ப்பார்கள், எரிந்தால் சரி, உள்ளே போய் ஏசியைப் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஆரம்பத்தில் நானும் இதே ரகம்தான். ஆனால் இப்போது பக்கத்து இடத்தில் யாராவது இப்படிச் செய்தால் சும்மா உட்கார்ந்திருக்க முடிவதில்லை, எழுந்துபோய் ஏதாவது சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

மழையில் நனைய விடாதீர்கள், திருடு போகாமல் பூட்டுங்கள், 30 ஆம்ப் வண்டிக்கு 30 ஆம்ப் பெட்டி வாங்குங்கள் என்பதெல்லாம் அட்டையிலேயே அச்சடித்திருக்கும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சர்ஜ் மட்டும்தான் ஆபத்து என்று நினைப்பது

எனக்கு இன்னமும் எரிச்சல் தருகிற தவறு இதுதான், பணம் அதிகம் போவதும் இதில்தான். கடையில் இரண்டு வகைப் பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இரண்டையும் ‘சர்ஜ் ப்ரொடெக்டர்’ என்றுதான் விற்கிறார்கள். ஒன்று கிட்டத்தட்ட 100 டாலர், இன்னொன்று 300, 400 என்று போகும். பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் ‘அதே சாமானுக்கு எதுக்கு மூணு மடங்கு’ என்று முதலாவதை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

மலிவான பெட்டிக்குள் முக்கியமாக இருப்பது எம்.ஓ.வி. என்கிற சின்னச் சின்ன வட்டத் துண்டுகள். மின்னல் எங்கோ பக்கத்தில் விழுந்தோ, மின் நிறுவனம் லைனை மாற்றும்போதோ, சில மைக்ரோ விநாடிகளுக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் பாய்ந்து வரும் இல்லையா, அதை உறிஞ்சிக்கொள்வதுதான் அவற்றின் வேலை. அந்த வேலையை ஒழுங்காகவே செய்கின்றன. ஆனால் கேம்ப்கிரவுண்டில் ஆர்.வி.க்களைச் சாகடிப்பது பெரும்பாலும் அந்த மைக்ரோ விநாடி சமாச்சாரம் இல்லை. 120 இருக்க வேண்டிய இடத்தில் 98 வோல்ட் மதியம் முழுக்க ஓடுவது, அல்லது 190 வோல்ட் இரண்டு நிமிடம் நிற்பது, இந்த மாதிரி விஷயங்கள்தான். அதிலும் மோசமானது 50 ஆம்ப் வண்டிகளில் நியூட்ரல் போவது.

50 ஆம்ப் பிளக்கில் நான்கு முனைகள். இரண்டு லைன், ஒரு நியூட்ரல், ஒரு எர்த். ஒவ்வொரு லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 120 வோல்ட், இரண்டு லைனுக்கும் நடுவே 240. வண்டிக்குள் பாதி சாமான் லைன் ஒன்றில், மீதி லைன் இரண்டில். இரண்டுக்கும் பொதுவான திரும்பும் வழி நியூட்ரல்தான். அது கழன்றுபோனால் கரண்ட் நிற்காது, அங்கேதான் வினையே. லைன் ஒன்றின் சாமான்களும் லைன் இரண்டின் சாமான்களும் ஒன்றன்பின் ஒன்றாக, சீரீஸில், 240 வோல்ட்டுக்குக் குறுக்கே மாட்டிக்கொள்கின்றன. ஒரு பக்கம் ஏசி, சுமார் 12 ஓம் என்று வையுங்கள். இன்னொரு பக்கம் டிவி, 120ஐ 12 வோல்ட்டாக மாற்றும் கன்வர்ட்டர், ஃபிரிட்ஜ் போர்டு எல்லாம் சேர்ந்து 48 ஓம். மொத்தம் 60 ஓம், 4 ஆம்ப் ஓடும். ஏசி பக்கம் 48 வோல்ட், டிவி பக்கம் 192 வோல்ட். மோட்டார் வெறும் ரெசிஸ்டர் இல்லை என்பதால் நிஜத்தில் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது. ஆனால் போக்கு இதுதான்: லோடு குறைவாக இருக்கிற பக்கம்தான் அதிகமாக அடி வாங்கும், அந்தப் பக்கத்தில்தான் நாசூக்கான எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் இருக்கும்.

இதை நேரில் பார்த்திருக்கிறேன். நல்ல வெயில் காலம், கேம்ப்கிரவுண்ட் நிரம்பியிருந்தது, மதியத்துக்கு மேல் எல்லார் வண்டியிலும் ஏசி. பக்கத்தில் ஒரு தமிழ்க் குடும்பம், புது ஃபிஃப்த் வீல் (பிக்கப் டிரக்கின் பின்னால் இழுத்துப்போகும் பெரிய ஆர்.வி.), 50 ஆம்ப். அந்தத் தம்பி வெளியே வந்து, “அண்ணா, ஏசி கம்ப்ரஸர் ஓட ஆரம்பிச்சா டேபிள் ஃபேன் இன்னும் வேகமா சுத்துது, இது நார்மல்தானா?” என்று கேட்டார். கம்ப்ரஸர் ஓடினால் ஃபேன் கொஞ்சம் மந்தமாகலாம், வேகமாகவே கூடாது. பெடஸ்டல் பிரேக்கரை முதலில் அணைக்கச் சொன்னேன். அவர் பிரேக்கரை எட்டுவதற்குள் உள்ளேயிருந்து கருகல் வாடை வந்துவிட்டது. மைக்ரோவேவ் போச்சு, கன்வர்ட்டர் போச்சு, ஃபிரிட்ஜ் கன்ட்ரோல் போர்டும் போச்சு. உள்ளே எரிகிற விளக்குகளில் மட்டும் ஒரு மாற்றமும் தெரியவில்லையாம், அதனால்தான் அவ்வளவு நேரம் சும்மா இருந்திருக்கிறார்கள். தெரியாதுதான். அவை 12 வோல்ட்டில், பேட்டரியோடு சேர்ந்து ஓடுபவை, வெளியே நடக்கும் கூத்தை அவை காட்டிக்கொடுக்காது.

அவருடைய சர்ஜ் ப்ரொடெக்டர் கைவைக்க முடியாத சூட்டில் இருந்தது, பச்சை விளக்கு அணைந்திருந்தது. “இது ஏன் கட் பண்ணலை?” என்று என்னைத்தான் கேட்டார். கட் பண்ணும் பொறியே அதில் இல்லை என்பதுதான் பதில். எம்.ஓ.வி. இந்த மாதிரி நீடித்து நிற்கிற அதிக வோல்டேஜைத் தாங்காது. சூடாகி, உள்ளே இருக்கிற வெப்ப ஃபியூஸ் அதை மின்சுற்றிலிருந்து கழற்றிவிடும். எம்.ஓ.வி.தான் கழன்றது, வண்டிக்குப் போகும் மின்சாரம் இல்லை. காவல்காரன் விழுந்துவிட்டான், கதவு மட்டும் திறந்தபடியே. பெடஸ்டலைப் பராமரிப்பு ஆள் வந்து திறந்தபோது நியூட்ரல் திருகு கறுத்துப்போய், வயர் தொட்டும் தொடாமலும் நின்றுகொண்டிருந்தது. அலுவலகத்தில் ‘லைனில் ஏதோ சர்ஜ்’ என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள். சர்ஜே இல்லை அது!

இ.எம்.எஸ். என்று வருகிற விலை கூடிய பெட்டியில் எம்.ஓ.வி.யும் உண்டு, கூடவே ஒரு ரிலேயும், வோல்டேஜைப் பார்த்துக்கொண்டே இருக்கிற சர்க்யூட்டும் உண்டு. பல மாடல்கள் 104 வோல்ட் வாக்கில் கீழே போனாலோ 132ஐத் தாண்டினாலோ மின்சாரத்தைத் துண்டித்துவிடும். லைன் மாறியிருந்தாலோ எர்த் இல்லாவிட்டாலோ உள்ளேயே விடாது. மறுபடி விடுவதற்கு முன் இரண்டு நிமிடத்துக்கு மேல் காத்திருக்கும், ஏசி கம்ப்ரஸரின் அழுத்தம் சமனாக வேண்டும் என்பதற்காக. அந்த இரண்டு நிமிடத்தில் ‘பெட்டி பழுது’ என்று முடிவுகட்டித் திருப்பிக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள்.

‘நான்தான் வந்ததும் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கிறேனே’ என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பார்ப்பது நல்லது, பாருங்கள். ஆனால் தளர்ந்த நியூட்ரல் லோடு இல்லாதபோது அழகாக 120 காட்டும். காலையில் சரியாக இருந்தது, மதியம் அத்தனை ஏசியும் ஓடும்போது விட்டுப்போகும். அப்போது நீங்கள் ஆற்றில் குளித்துக்கொண்டிருப்பீர்கள்.

30 ஆம்ப் வண்டிக்காரர்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் பாக்கியசாலிகள், லைன் ஒன்றுதான் என்பதால் அவர்கள் பிளக்கில் நியூட்ரல் போனால் வண்டி சும்மா இருட்டாகிவிடும். ஆனால் பெடஸ்டலுக்கு முன்னால், மெயின் லைனில் நியூட்ரல் போயிருந்தால் அவர்களுக்கும் இதே கதிதான்.

வீட்டில் 30 ஆம்ப் சாக்கெட் போடும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது

வண்டியை வீட்டில் நிறுத்தும்போது ஃபிரிட்ஜ் ஓட ஒரு சாக்கெட் வேண்டும் என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிறோம். 30 ஆம்ப் என்றதும் அவருக்குத் துணி உலர்த்தும் மெஷின் ஞாபகம் வந்துவிடும், அது 240 வோல்ட். ஆர்.வி.யின் டி.டி. 30 சாக்கெட் 120 வோல்ட்தான். பழக்க தோஷத்தில் 240ஐ இழுத்துக் கொடுத்துவிட்டால், செருகிய நொடியே வண்டிக்குள் இருக்கிற எல்லா 120 வோல்ட் சாமானும் காலி. ‘ஆர்.வி.க்கு, 120 வோல்ட், ஒரு லைன், ஒரு நியூட்ரல், ஒரு எர்த்’ என்று எழுதியே கொடுங்கள், அவர் போன பிறகு நீங்களே மீட்டர் வைத்துப் பாருங்கள். வேலை தெரிந்தவர்தான் என்றாலும் பாருங்கள்.

கைப்பிடியைத் தொட்டால் சுர்ரென்று இருப்பதைப் பொறுத்துக்கொள்வது

ஈரத் தரையில் நின்று கதவுக் கைப்பிடியைப் பிடித்தால் லேசாகக் கூசுகிறதா? எர்த் விட்டுப்போயிருக்கிறது, வண்டியின் உலோக உடம்பு முழுக்க மின்சாரம் ஏறி நிற்கிறது. வெறும் சர்ஜ் ப்ரொடெக்டர் இதற்குச் சிவப்பு விளக்கு காட்டினாலும் மின்சாரத்தை விட்டுக்கொண்டுதான் இருக்கும். பிரேக்கரை அணையுங்கள், பிளக்கை எடுங்கள், வேறு இடம் கேளுங்கள். குழந்தைகள் செருப்பில்லாமல் ஓடிவந்து தொடுகிற கதவு அது.

பிரேக்கரை அணைக்காமல் செருகுவது, பிடுங்குவது

ஒவ்வொரு தடவையும் சின்னதாக ஒரு பொறி பறக்கும். பிளக் முனை குழிவிழும், சாக்கெட்டின் பிடி ஏற்கனவே ஆயிரம் பேர் செருகித் தளர்ந்திருக்கும், இரண்டும் சேர்ந்தால் சூடு. கணக்கு பாருங்கள்: அந்தத் தொடர்பில் வெறும் 0.05 ஓம் தடை இருந்து 25 ஆம்ப் ஓடினால் சுமார் 31 வாட் வெப்பம், அதுவும் ஒரு விரல் நுனி அளவு இடத்தில். வோல்டேஜோ 1.25 மட்டுமே குறையும். அதனால் இ.எம்.எஸ். இதைப் பொருட்படுத்தாது, பிளக்கில் வெப்பத்தை அளக்கும் சில மாடல்களைத் தவிர. ஏசி ஒரு மணி நேரம் ஓடிய பிறகு புறங்கையால் பிளக்கின் பிளாஸ்டிக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை; சுட்டால் பிரேக்கரை அணைத்துவிட்டுப் பாருங்கள், முனை பழுப்பேறியிருக்கும்.

டாக்போன் மாட்டினால் 50 ஆம்ப் வந்துவிடும் என்பது

வராது. 30 ஆம்ப் சாக்கெட் தருவது 3,600 வாட், 50 ஆம்ப் தருவது 12,000. டாக்போன் என்கிற, நடுவில் மாட்டுகிற அடாப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும். 50 ஆம்ப் இ.எம்.எஸ். வைத்திருந்தால் பெடஸ்டலில் அடாப்டர், அதற்குப் பிறகு இ.எம்.எஸ்.

பைபாஸ் பட்டன்

இ.எம்.எஸ். துண்டிப்பதைத் தாண்டி மின்சாரத்தை அப்படியே உள்ளே விடுகிற பட்டன், சில மாடல்களில் இருக்கும். கை வைக்காதீர்கள். வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் அதிக ஆம்ப் இழுத்துச் சூடாகும், அதனால்தான் பெட்டி துண்டிக்கிறது. ஏசியை நிறுத்துங்கள், அல்லது இடம் மாறுங்கள்.

ஜெனரேட்டரில் ‘எர்த் இல்லை’ என்று வந்தால் பெட்டியைத் திட்டுவது

கையில் தூக்கிப்போகும் சின்ன இன்வர்ட்டர் ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரலும் எர்த்தும் உள்ளே இணைக்கப்பட்டிருக்காது. இ.எம்.எஸ். அதைப் பார்த்து எர்த் இல்லை என்று மறுத்துவிடும். இரண்டையும் இணைத்து வைத்திருக்கிற ஒரு பாண்டிங் பிளக்கை ஜெனரேட்டரின் காலி சாக்கெட்டில் செருகினால் போதும். ஜெனரேட்டரில் மட்டும். வண்டிக்குள்ளோ பெடஸ்டலிலோ அதைச் செருகவே கூடாது, அதனால் கழற்றியதும் ஜெனரேட்டர் உறையிலேயே போட்டுவையுங்கள்.

பழைய பெட்டி

எம்.ஓ.வி. தேயும். விளக்கு அணைந்தால் தூக்கிப் போடுங்கள்.

மின்னல்

நேரடியாக விழுந்தால் எந்தப் பெட்டியும் தாங்காது. வானம் கறுக்கும்போதே பிளக்கை எடுத்துவிடுங்கள், இடி தலைக்கு மேல் வந்த பிறகு பெடஸ்டல் பக்கம் போகாதீர்கள்.

பெடஸ்டலில் மாட்டிய பெட்டி எல்லாவற்றையும் பார்க்கும் என்று நம்புவது

அது தனக்கு முன்னால் இருப்பதைத்தான் பார்க்கும். பெட்டிக்குப் பின்னால் உங்கள் கேபிள், வண்டியின் சுவரில் திருகி மாட்டுகிற இணைப்பு, பெடஸ்டலா ஜெனரேட்டரா என்று மாற்றிவிடும் டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச், பேனல் என்று எத்தனையோ திருகுகள் இருக்கின்றன, வண்டி ரோட்டில் குலுங்கும்போது ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். அங்கே நியூட்ரல் கழன்றால் பெடஸ்டலில் தொங்கும் இ.எம்.எஸ்.ஸுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். வண்டிக்குள் நிரந்தரமாகப் பொருத்துகிற மாடலை டிரான்ஸ்ஃபர் ஸ்விட்சுக்குப் பிறகு வைத்தால் இவற்றில் பாதிக்கு மேல் அதன் பார்வைக்குள் வந்துவிடும், ஜெனரேட்டர் மின்சாரமும் அதன் வழியாகத்தான் போகும். திருட்டுப் பயமும் இல்லை. ஒரே குறை, செருகுவதற்கு முன்பே பெடஸ்டலைச் சோதிக்க அதனால் முடியாது, அதற்கு மீட்டர்தான். வெளியே தொங்கும் பெட்டிதான் வைத்திருக்கிறீர்கள் என்றால், வருடத்துக்கு ஒரு தடவை பெடஸ்டல், ஜெனரேட்டர், இன்வர்ட்டர் எல்லாவற்றையும் துண்டித்துவிட்டு, மீட்டரில் பூஜ்யம் என்று உறுதி செய்துகொண்டு, பேனலிலும் டிரான்ஸ்ஃபர் ஸ்விட்சிலும் இருக்கிற திருகுகளை இறுக்கச் சொல்லுங்கள், முதலில் நியூட்ரல் பட்டையில் இருப்பவற்றை.