கிட்டாரும் ஈரக்காற்றும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் முதல் நல்ல கிட்டாரை வாங்கும் பலர், கூடவே ஒரு ஹியூமிடிஃபையரும் ஆர்டர் செய்துவிடுகிறார்கள். கிட்டாரின் நடுவிலுள்ள ஓட்டையான சவுண்ட் ஹோலுக்குள் ஈர ஸ்பாஞ்சைத் தொங்கவிடும் அந்தச் சின்னக் கருவிதான். யூடியூபில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அப்படிச் சொல்பவர்களில் பெரும்பாலானோர் பனி பொழியும் ஊர்க்காரர்கள். அங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் ஈரப்பதம் 20 சதவீதம் வரை இறங்கிவிடும். மரம் வறண்டு வெடிக்கும். நம் கடலோர ஊர்களில் பெரும்பாலான மாதங்கள் காற்றில் 65 முதல் 80 சதவீதம் ஈரம் இருக்கிறது. ஏற்கெனவே ஈரம் குடித்த மரத்துக்குள் இன்னும் ஈரத்தை ஏற்றுவதுதான் நாம் செய்யும் முதல் தவறு.

கிட்டாருக்கு ஏற்ற அளவு 45 முதல் 55 சதவீதம். அதைத் தாண்டினால் மரம் உப்பும். மழைக்காலத்தில் மரக்கதவு நிலையில் இறுகிக்கொள்கிறதே, அதே சங்கதிதான். ரேகைக்குக் குறுக்காகத்தான் மரம் அதிகம் விரியும். நீளவாக்கில் மாற்றம் மிகக் குறைவு. அதனால் கிட்டாரின் முன்பலகை, ஸ்ட்ரிங்குகள் வந்து முடியும் கட்டையான பிரிட்ஜுக்குப் பின்னால் வயிறு போல மேலெழும்பும். ஸ்ட்ரிங் உயர்ந்து விரல் வலிக்கும், சத்தம் மந்தமாகும். வறட்சியில் இதெல்லாம் தலைகீழ்: பலகை உள்வாங்கும், ஸ்ட்ரிங் ஃப்ரெட்டில் (கிட்டாரின் கழுத்தான நெக்கில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) பட்டு இரையும், நெக்கின் ஓரத்தில் கையை ஓட்டினால் ஃப்ரெட் முனைகள் குத்தும். ஏப்ரல், மே மாதங்களில் வேலூர், மதுரை பக்கம் பிற்பகலில் இப்படிக் காய்வது உண்டு. ஆக, ஒரே தமிழ்நாட்டுக்குள்ளேயே எல்லோருக்கும் ஒரே வைத்தியம் செல்லாது.

அதனால் எதையும் வாங்கும் முன் அளந்து பாருங்கள். சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதம் காட்டும் டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் கிடைக்கிறது. மலிவான கருவி ஐந்து, பத்து சதவீதம் தவறிக் காட்டலாம். அதைச் சமையலறை உப்பை வைத்தே சோதித்துவிடலாம். ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, ஈரமணல் பதத்துக்கு வரும் வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். உப்பு முழுக்கக் கரைந்துவிடக் கூடாது. மூடியையும் மீட்டரையும் காற்றுப் புகாத டப்பாவுக்குள் வைத்து ஓர் இரவு விட்டுவிடுங்கள். உள்ளே 75 சதவீதம்தான் இருக்கும். மீட்டர் 80 என்று காட்டினால், இனி அது காட்டும் எண்ணில் ஐந்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது அடுத்த தவறு. நவம்பர் மழையில் ஸ்ட்ரிங் உயர்ந்துவிட்டது என்று கடைக்குக் கொண்டுபோய், பிரிட்ஜின் மேல் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் மெல்லிய பட்டையான சேடிலை ராவிக் குறைத்துவிடுகிறார்கள். அப்போதைக்கு வாசிக்கச் சுகமாக இருக்கும். கோடையில் பலகை பழைய நிலைக்கு இறங்கியதும் எல்லா ஃப்ரெட்டிலும் இரைச்சல் வந்துவிடும். ராவிய சேடிலைத் திரும்ப வளர்க்க முடியாது, புதிதுதான் போட வேண்டும். நெக்குக்குள் இருக்கும் உலோகக் கம்பியான ட்ரஸ் ராடைத் திருகுவதும் இதற்கு மருந்தல்ல. அது நெக்கின் வளைவுக்கானது. உப்பிய பலகையை அது இறக்காது. முதலில் கிட்டாரை இரண்டு வாரம் 50 சதவீதப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் உயரமாகவே இருந்தால் அப்புறம் சேடிலைப் பற்றி யோசிக்கலாம்.

ஏசி இதில் நம் நண்பன்தான். வெளிக்குழாயில் சொட்டும் தண்ணீர் அறைக்காற்றிலிருந்து பிரிந்த ஈரமே. ஆனால் ஏசியின் காற்று நேராக அடிக்கும் இடத்தில் கிட்டாரை மாட்டாதீர்கள். இரவெல்லாம் காய்ந்து பகலெல்லாம் உப்பும் கிட்டார், ஒரே நிலையில் இருப்பதைவிட அதிகம் பாடுபடும். மழையில் ஊறும் வெளிப்புறச் சுவரிலும் மாட்ட வேண்டாம். ஹார்டு கேஸுக்குள் இருந்தால் ஏற்ற இறக்கம் மெதுவாக நடக்கும். கண்ணெதிரே இருந்தால்தான் கையில் எடுப்போம் என்பதும் உண்மைதான். அப்படியென்றால் உள்சுவர், ஜன்னலுக்குத் தள்ளி. முழுக்க ப்ளைவுட்டால் ஆன கிட்டார் இதையெல்லாம் ஓரளவு தாங்கும். சாலிட் டாப், அதாவது முன்பலகை ப்ளைவுட் இல்லாமல் முழு மரம் என்றால் கவனம் கட்டாயம்.

கேஸுக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போடுவது நல்லதுதான். போட்டுவிட்டு ஆறு மாதம் மறந்துவிடுவதுதான் பிரச்சினை. நிறம் மாறும் வகை ஜெல்லில் நிறம் மாறிவிட்டால் அது நிறைய ஈரம் குடித்துவிட்டது என்று பொருள், மாற்ற வேண்டும். அளவில்லாமல் போட்டால் மூடிய கேஸ் அதிகமாகக் காய்ந்துவிடவும் கூடும், ஆகவே மீட்டரும் உள்ளேயே இருக்கட்டும். ஃப்ரெட்போர்டு வறண்டு தெரிகிறதே என்று தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள். நாளடைவில் அது சிக்குப் பிடித்து நாறும்.

வெயிலில் நிறுத்திய காரில் கிட்டாரை விட்டுப்போவது எல்லாவற்றையும்விடக் கொடியது. மே மாத நண்பகலில் மூடிய காருக்குள் 60 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் மரப்பசை இளகத் தொடங்கும். லைட் கேஜ் எனப்படும் மெல்லிய ஸ்டீல் ஸ்ட்ரிங்குகள் ஆறும் சேர்ந்து பிரிட்ஜை 70 கிலோவுக்கு மேல் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. டீ குடித்துவிட்டு வரும் நேரத்துக்குத்தானே என்று விடாதீர்கள், கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

பிரிட்ஜ் கழன்றிருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், அதன் பின்விளிம்பில் ஒரு மெல்லிய தாளைச் செருகிப் பாருங்கள். தாள் உள்ளே நுழைந்தால் உடனே ஸ்ட்ரிங் எல்லாவற்றையும் தளர்த்திவிட்டு, ரிப்பேர் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். அந்த இடுக்கில் ஃபெவிக்விக் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். இறுகிப்போன அந்தப் பசையைச் சுரண்டி எடுத்தால்தான் அவரால் பிரிட்ஜைத் திரும்ப ஒட்ட முடியும். சுரண்டும்போது பலகையின் மரமும் சேர்ந்தே பெயர்ந்து வரும்.