பிள்ளைக்கு ஏடிஹெச்டி இருக்குமோன்னு சந்தேகம் வந்தா எங்கேர்ந்து ஆரம்பிக்கறது

ஏடிஹெச்டிங்கறது கவனம் நிக்காம, ஓயாம ஓடிட்டு, அவசரப்பட்டு நடந்துக்க வைக்கற ஒரு மூளை வளர்ச்சிக் கோளாறு. இத கண்டுபிடிக்க ரத்த டெஸ்ட் கிடையாது, ஸ்கேன்லயும் தெரியாது. பிள்ளை தினமும் எப்படி நடந்துக்குதுன்னு கூட இருக்கறவங்க சொல்றத வச்சுதான் டாக்டர் முடிவு பண்ணுவாங்க. இதுல ஒரு சிக்கல் என்னன்னா, புது இடம் புது ஆளுன்னா இந்தப் பிள்ளைங்கள்ல பல பேரு கொஞ்ச நேரம் சமத்தா உக்காந்துடுவாங்க, டாக்டர் ரூம்ல ஒண்ணுமே தெரியாது, வெளிய வந்ததும் ஆரம்பிச்சிடும். அதனால போறதுக்கு முன்னாடியே ஒரு நோட்டு போட்டு எழுத ஆரம்பிங்க. இந்த மொத்த வேலையிலயும் பெத்தவங்க செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான்னு நான் நினைக்கிறேன்.

எழுதும்போது "ரொம்ப சேட்டை", "சொல்பேச்சு கேக்கல"ன்னு எழுதாதீங்க, அத வச்சு யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. "பத்து நிமிஷ ஹோம்வொர்க், நாலு தடவை எழுந்துட்டான், பென்சில் எடுக்கப் போனவன் பென்சில மறந்துட்டு பூனையோட விளையாடிட்டு இருந்தான்" இப்படி எழுதுங்க. எத்தனை மணிக்கு நடந்துச்சு, முந்தின ராத்திரி நல்லா தூங்கினானா, அதையும் சேத்துக்கோங்க.

டாக்டருங்க பாக்கற அளவுகோல் என்னன்னா, டிஎஸ்எம்-5ங்கற அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டுல கவனக்குறைவுக்கு 9 அறிகுறி, ஓயாத ஓட்டம் அவசரத்தனம் ரெண்டுக்கும் சேத்து 9 அறிகுறி சொல்லியிருக்காங்க, பிள்ளைங்களுக்கு ஏதாவது ஒரு பக்கத்துல குறைஞ்சது 6 இருக்கணும், அது 6 மாசமா நீடிக்கணும், 12 வயசுக்கு முன்னாடியே சிலது தெரிஞ்சிருக்கணும், அதோட படிப்புலயோ பழகறதுலயோ நிஜமாவே பாதிப்பு இருக்கணும். ரொம்ப முக்கியமா, வீடு ஸ்கூல்னு ரெண்டு இடத்துலயாவது தெரியணும். இதுக்காகத்தான் வாண்டர்பில்ட், கானர்ஸ் மாதிரி கேள்வித்தாள்கள டீச்சருக்கும் தருவாங்க, அத வெறும் சடங்கா நினைச்சு விட்றாதீங்க. ஸ்கூல்ல மட்டும் பிரச்சனைன்னா எழுத்துக்கூட்டி படிக்கறதே அவனுக்குக் கஷ்டமா இருக்கலாம், இல்ல யாராவது மிரட்டலாம்.

இன்னொண்ணு, ஒரு கிளாஸ்ல வயசுல கடைக்குட்டியா இருக்கற பிள்ளைங்களுக்கு ஏடிஹெச்டின்னு பேர் வைக்கறது அதிகமா நடக்குதுன்னு பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கு. கிட்டத்தட்ட ஒரு வருஷம் பெரிய பிள்ளைங்களோட ஒப்பிட்டா சின்னது துறுதுறுன்னுதான் தெரியும்! உங்க பிள்ளை அப்படின்னா அத டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க.

இதே மாதிரி தோற்றம் காட்டற வேற விஷயங்களும் இருக்கு. காது சரியா கேக்கலைன்னா, கண்ணு தெரியலைன்னா, குறட்டை விட்டு தூக்கம் கெட்டுப்போனா, மனசுல பயம் பதட்டம் இருந்தா எல்லாம் கவனம் சிதறும். பேசிட்டே இருக்கும்போது சில செகண்ட் கண்ணு நிலைச்சு நின்னுட்டு, கூப்பிட்டாலும் தொட்டாலும் தெரியாம, அப்புறம் எதுவும் நடக்காத மாதிரி தொடர்ந்தா அது ஒருவகை வலிப்பா இருக்கலாம், முடிஞ்சா வீடியோ எடுத்து காட்டுங்க.

பொம்பளப் பிள்ளைங்க விஷயத்துல எனக்கு ரொம்ப வருத்தம். ஓடாது, கத்தாது, கிளாஸ்ல ஜன்னலையே பாத்துட்டு அமைதியா உக்காந்திருக்கும், யாருக்கும் தொந்தரவு இல்லாததால யாரும் கண்டுக்கறதில்ல, "மந்தம்"ங்கற பேரோடயே வளந்துடுது. அதே மாதிரி "கேம் மட்டும் மணிக்கணக்கா ஆடறானே, இவனுக்கா கவனம் இல்ல"ன்னு விட்றவங்களும் உண்டு. பிடிச்சதுல மூழ்கிப் போறதும் இந்தப் பிள்ளைங்களுக்கு சகஜம், பிடிக்காத வேலைக்கு கவனத்த திருப்பறதுதான் அவங்களால முடியல.

வளர்ப்பு சரியில்ல, இனிப்பு குடுத்து கெடுத்துட்டீங்கன்னு யாராவது சொன்னா மனசுல ஏத்திக்காதீங்க. இரட்டைக் குழந்தைகள வச்சு பண்ணின ஆய்வுகள் இதுல 70-80 சதவீதம் பரம்பரையோட பங்குன்னு சொல்லுது.

சரி, ட்ரீட்மென்ட். 6 வயசுக்குள்ளன்னா மருந்துக்கு முன்னாடி பெத்தவங்களுக்கான பயிற்சிதான் முதல் படி, அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியோட 2019 வழிகாட்டுதலும் இதத்தான் சொல்லுது. அதுல கத்துத்தர்றது கேக்க சாதாரணமா இருக்கும், செய்யறது கஷ்டம். தூரத்துலேர்ந்து கத்தாம பக்கத்துல போய் கண்ண பாத்து ஒரே ஒரு வேலை சொல்லணும், முடிச்ச உடனே பாராட்டணும், பரிசுன்னா அன்னைக்கே தரணும். பரீட்சை முடிஞ்சா சைக்கிள்ங்கறதெல்லாம் இவங்களுக்கு வேலைக்காகாது.

6 வயசுக்கு மேலன்னா பொதுவா மருந்தும் பயிற்சியும் சேத்து. அதிகமா தர்றது மெத்தில்பெனிடேட், ஒரு மணி நேரத்துக்குள்ள வேலை செய்ய ஆரம்பிக்கும், சாதா மாத்திரைன்னா சுமார் 4 மணி நேரம் நிக்கும். அட்டோமாக்செட்டின்ங்கற இன்னொரு மருந்துன்னா பலன் தெரிய பல வாரம் ஆகும், பத்து நாள்ல கைவிட்றாதீங்க. இந்த மருந்துகளால பசி குறையறது, தூக்கம் தள்ளிப்போறது, வயித்துவலி, தலைவலி வரலாம். குடும்பத்துல இதய நோயோ, சின்ன வயசுல திடீர் சாவோ இருந்தா முதல் மாத்திரைக்கு முன்னாடியே சொல்லிடணும். குவான்பசின், குளோனிடின்ங்கற மருந்துகள குடுத்திருந்தா நீங்களா சட்டுனு நிறுத்தக்கூடாது, ரத்த அழுத்தம் எகிறும். அடிமையாயிடுவானோன்னு பயப்படறவங்களுக்கு, டாக்டர் சொன்ன அளவுல எடுத்த பிள்ளைங்களுக்கு பின்னாடி போதைப் பழக்கம் அதிகமாகுதுன்னு ஆய்வுகள்ல தெரியல.

1999ல வெளிவந்த எம்டிஏங்கற ஆய்வுல ஏடிஹெச்டி இருக்கற 579 பிள்ளைங்கள குரூப் குரூப்பா பிரிச்சு 14 மாசம் பாத்தாங்க. சாதாரணமா வெளிய ட்ரீட்மென்ட் எடுத்த குரூப்லயும் பாதிக்கு மேல மருந்து சாப்பிட்டவங்கதான், ஆனா மாசாமாசம் வரவச்சு, டீச்சர்கிட்டயும் கேட்டு டோஸ மாத்தி மாத்தி சரிபண்ணின குரூப் அவங்கள விட நல்லா தேறிச்சு. அதனால நோட்ட மூடிடாதீங்க! மாத்திரை குடுத்த நேரம், எத்தனை மணிக்கு பலன் விட்டுது, மதியம் எவ்வளவு சாப்பிட்டான், எப்ப தூங்கினான், எடை உயரம் எல்லாம் அதுலயே எழுதி ஒவ்வொரு தடவையும் எடுத்துட்டுப் போங்க. மாத்திரைக்கு அப்புறம் பிள்ளை சிரிக்காம பேசாம ஒடுங்கிப்போய் உக்காந்திருந்தா "அப்பாடா அடங்கிட்டான்"னு விட்றாதீங்க, டோஸ் அதிகமா இருக்கலாம், அன்னைக்கே டாக்டருக்கு போன் பண்ணுங்க. நெஞ்சுவலி, மயக்கம், சாகணும்ங்கற மாதிரி பேச்சு வந்தா போன் பண்ணிட்டு காத்திருக்காம நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.