ஸ்விட்சைத் தொடாதீர்கள்: பழைய நாக்ரா டேப் ரெக்கார்டரை மீட்டெடுப்பது

பழைய நாக்ரா ஒன்று கைக்கு வந்தவுடன் எல்லோருக்கும் வரும் முதல் ஆசை, பேட்டரியைப் போட்டு ஒரு டேப்பை மாட்டி ஓட்டிப் பார்ப்பதுதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். என் முதல் மெஷினில் நான் அதைத்தான் செய்தேன். உள்ளே ரோலர் ரப்பர் உருகிப் பிசினாகிக் கிடந்தது எனக்குத் தெரியாது. டேப் அதில் ஒட்டி, டேப்பை இழுத்து ஓட்டும் கேப்ஸ்டன் தண்டைச் சுற்றிக்கொண்டு, கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் நசுங்கிப் போனது. அதில் இருந்தது ஒரு கிராமத்துப் பாட்டி பாடிய ஒப்பாரி, வேறு பிரதி எங்கும் இல்லை. கணினிக்கு மாற்றிய பதிவில் அந்த இடம் இன்றும் வெறும் சத்தமாகத்தான் இருக்கிறது. மெஷினுக்கு உதிரிபாகம் எப்படியாவது கிடைத்துவிடும், அந்தக் குரலுக்குக் கிடைக்காது. கீழே சொல்லும் வேலைகளை இந்த வரிசையில் செய்யச் சொல்வது அதனால்தான்.

மெஷினைப் பற்றிக் கொஞ்சம். போலந்தில் பிறந்து சுவிட்சர்லாந்தில் குடியேறிய ஸ்டெஃபான் குடெல்ஸ்கி 1951-இல் முதல் நாக்ராவைச் செய்தார், கடிகாரம் மாதிரி சாவி கொடுத்து ஓட்டும் மெஷின் அது. போலிஷ் மொழியில் 'நாக்ரா' என்றால் 'பதிவு செய்யும்' என்று பொருள். 1950களின் கடைசியில் வந்த நாக்ரா 3 வானொலிக்காரர்களையும் சினிமாக்காரர்களையும் ஸ்டுடியோவை விட்டு வெளியே கூட்டிப்போனது. அதன் வாரிசாக 1970களில் வந்த 4.2 பல வருஷம் படப்பிடிப்புகளில் ஒலிப்பதிவாளரின் தோளில் தொங்கியது. குடெல்ஸ்கிக்கு ஆஸ்கர் அமைப்பு 1965, 1977, 1978 ஆகிய ஆண்டுகளில் தொழில்நுட்ப விருதுகளும் 1990-இல் கார்டன் சாயர் விருதும் கொடுத்தது. நான் இங்கே சொல்வது 4.2 பற்றி. இது மோனோ மெஷின், கால் அங்குல டேப்பின் முழு அகலத்திலும் ஒரே தடம். ஊஹர் ரிப்போர்ட் மாதிரி வேறு மெஷின் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

சரி, மூடியைத் திறங்கள். முதலில் மூக்கை வையுங்கள், கண்ணை அப்புறம் வைக்கலாம். புளிப்பு வாடை வந்தால் பேட்டரி அறையில் வேலை இருக்கிறது, கருகல் வாடை வந்தால் சர்க்யூட் போர்டில் இருக்கிறது. பிறகு பிஞ்ச் ரோலரை, அதாவது டேப்பைக் கேப்ஸ்டன் தண்டோடு அழுத்திப் பிடிக்கும் ரப்பர் உருளையை, நகத்தால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். நகத்தில் கறுப்பாக ஒட்டினால் அது போய்விட்டது என்று அர்த்தம். இந்த வயது நாக்ராக்களில் மிக அதிகமாகப் பார்க்கும் கோளாறு இதுதான். அந்தக் காலத்துப் பாலியூரித்தேன் ரப்பர் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி வருஷக்கணக்கில் மெதுவாகச் சிதைந்து தார் மாதிரி ஆகிவிடுகிறது. சென்னை மாதிரி கடலோர ஊரில், அதுவும் தோல் உறைக்குள் மூடி அலமாரியில் போட்டு வைத்த மெஷின் என்றால் கேட்கவே வேண்டாம்.

இதைச் சுத்தம் செய்வது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ரோலரைக் கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு வாஷரும் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறது என்று போனில் படம் எடுத்துவிடுங்கள். ரோலர் எந்த உயரத்தில் நிற்கும் என்பதை அந்த மெல்லிய வாஷர்கள்தான் முடிவு செய்கின்றன, ஒன்று தொலைந்தால் டேப் மேலேயோ கீழேயோ நடக்க ஆரம்பித்துவிடும். பிசினை முதலில் மூங்கில் குச்சியால் வழித்தெடுங்கள், கத்தி வேண்டாம். மிச்சத்தை 99 சதவீத ஐசோபிரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைக்கலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் தண்ணீர் இருக்கிறது, இந்த வேலைக்கு ஆகாது. கேப்ஸ்டனிலும் வழிகாட்டி முளைகளிலும் ஹெட்டிலும் அந்தப் பிசின் தெறித்திருக்கும், ஒன்று விடாமல் பாருங்கள். உள்ளே இருக்கும் உலோகக் கூட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், புது ரப்பர் அதன்மேல்தான் வார்க்க வேண்டும். வெளிநாட்டில் இதையே தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். உள்ளூரில் பிரிண்டிங் மெஷின் உருளைகளுக்கு ரப்பர் வார்க்கும் பட்டறைகளையும் கேட்டுப் பார்க்கலாம். டேப்பின் வேகத்தைத் தீர்மானிப்பது கேப்ஸ்டனின் விட்டம்தான், ரோலரின் விட்டம் இல்லை. அதனால் ரோலர் அளவில் இம்மி வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை, ஆனால் அதன் முகம் அச்சுக்கு இணையாக, மேடு பள்ளம் இல்லாமல் இருந்தே ஆக வேண்டும். மெஷினுக்குள் பெல்ட், சக்கரம் என்று ரப்பர் வேறு எங்கே இருந்தாலும் இதே சந்தேகத்தோடு தொட்டுப் பாருங்கள்.

அடுத்தது பேட்டரி அறை. டார்ச் லைட்டுக்குப் போடும் பெரிய பேட்டரிக் கட்டை பன்னிரண்டு, மொத்தம் 18 வோல்ட். யாரோ பழைய கட்டையை உள்ளேயே விட்டிருந்தால் அது ஒழுகியிருக்கும். இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஆல்கலைன் பேட்டரி ஒழுகியது காரம், அதை எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டுத்தான் முறிக்க வேண்டும். சாதாரண கார்பன் கட்டை ஒழுகியது அமிலத்தன்மை உள்ளது, அதற்குச் சமையல் சோடா. எது என்று தெரியாமல் ஒன்றைப் போட்டு மேலும் கெடுத்துவிடாதீர்கள், பழைய கட்டையின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு ஆரம்பியுங்கள். முறித்த பிறகு ஈரத்துணி, அப்புறம் ஆல்கஹால், அப்புறம் ஒரு நாள் முழுக்கக் காற்றில் காய வைப்பது. பச்சை பிடித்த தகடுகளைக் கண்ணாடி இழை பேனாவால் தேய்க்கலாம். உப்புத்தாளால் தேய்த்தால் மேல்பூச்சு போய் ஆறு மாதத்தில் திரும்பப் பச்சை பிடிக்கும்.

ஸ்விட்ச்களும் வால்யூம் குமிழ்களும் இப்போது. மின்சாரம் இல்லாமலே ஒவ்வொன்றையும் ஐம்பது தடவை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்புங்கள். 4.2-இல் பெரிய தேர்வு ஸ்விட்ச் நிறைய வேலை செய்கிறது, அதில் ஒரு தொடுமுனை கறுத்துப் போனாலும் சத்தம் வரும், போகும், போர்டு கெட்டுவிட்டது என்று நினைக்க வைக்கும். காண்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு போதும். வீட்டில் துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயைக் கொண்டு போய் உள்ளே அடித்த மெஷின் ஒன்று எனக்கு வந்தது, தூசியும் எண்ணெயும் சேர்ந்து களிம்பாகி இருந்ததை எடுக்க நான்கு நாள் ஆனது.

இப்போதுதான் மின்சாரம், அதுவும் பேட்டரியில் இல்லை. மின்னோட்டத்துக்கு வரம்பு வைக்கும் பவர் சப்ளை வேண்டும். சென்னையில் மின்னணுச் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் நடந்தால் உங்கள் வசதிக்கு ஏற்ற மாதிரி ஒன்று கிடைக்கும். பிளஸ் எது, மைனஸ் எது என்று பேட்டரி அறையின் குறிகளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். உடல்தகடு எப்போதும் மைனஸ்தான் என்று நம்பிவிடாதீர்கள், அந்தக் காலத்து டிரான்சிஸ்டர் கருவிகள் பலவற்றில் பிளஸ்தான் உடலோடு சேர்ந்திருக்கும். இதில் தவறினால் அந்த ஒரு நொடியில் வேலை முடிந்துவிடும். வரம்பை 200 மில்லி ஆம்பியரில் வைத்து, ஸ்விட்சை டெஸ்ட் நிலைக்குக் கொண்டு போங்கள். அந்த நிலையில் மோட்டார் ஓடாது, ஆம்பிளிஃபையர் மட்டும் உயிர்பெறும். மின்னோட்டம் வரம்பில் போய் முட்டி நின்றால் எங்கோ ஒரு கண்டன்சர் ஷார்ட் ஆகியிருக்கிறது, உடனே அணைத்துவிடுங்கள். முதலில் சந்தேகப்பட வேண்டியது சின்ன டான்டலம் கண்டன்சர்களை. எலெக்ட்ரோலிடிக் வகை காய்ந்து கொள்ளளவு குறைந்து போகும், டான்டலம் திடீரென்று ஷார்ட் ஆகும்.

எல்லாக் கண்டன்சரையும் ஒரேயடியாக மாற்றிவிடுங்கள் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாக்ராவின் போர்டுகள் நெருக்கமானவை, பழைய தடங்கள் சூடு தாங்காமல் உரியும், ஐம்பது இடத்தில் ஈயத்தை உருக்கினால் ஐந்து இடத்தில் புதுக் கோளாறு பிறக்கும். கண்டன்சரின் உள்மின்தடையைக் காட்டும் இ.எஸ்.ஆர் மீட்டரை வைத்து ஒவ்வொன்றாக அளந்து, கெட்டதை மட்டும் மாற்றுங்கள். கழற்றியதை ஒரு கவரில் போட்டு, எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று எழுதி வையுங்கள்.

மோட்டாரைப் பொறுத்தவரை, ஓடினால் அதைத் திறக்காதீர்கள். அதன் வேகத்தை டாக்கோமீட்டர் என்ற சுழல்வேகமானியும் மின்சுற்றும் சேர்ந்து கண்காணித்துக்கொண்டே இருக்கின்றன, உள்ளே கை வைத்துவிட்டு வெளியே வந்தவர்கள் குறைவு. வேகம் ஆடினால் அழுக்கு, ரோலர், பேரிங் என்று மற்ற எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் மோட்டாரைச் சந்தேகப்பட வேண்டும்.

ஹெட்டுகளுக்கு வருவோம். அழிக்கும் ஹெட், பதியும் ஹெட், சினிமா வேலைக்கான பைலட் ஹெட் (அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்), கேட்கும் ஹெட். ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் டேப் ஓடும் திசையிலேயே துடையுங்கள், பட்ஸ் வெள்ளையாக வரும்வரை. காய்ந்ததும் நகத்தை மேலும் கீழுமாக ஓட்டிப் பாருங்கள். டேப்பின் விளிம்பு இருந்த இடத்தில் நகம் தட்டினால் ஹெட் தேய்ந்திருக்கிறது. லேசாகத் தட்டினால் ஓட்டலாம், ஆழமான பள்ளம் என்றால் ஹெட்டைத் தீட்டிச் சமன் செய்யத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். பிறகு, ஹெட்டில் ஏறியிருக்கும் காந்தத்தை எடுக்கும் காந்தநீக்கி. மெஷினை அணைத்து, எல்லா டேப்பையும் அடுத்த அறைக்குக் கொண்டு போய்விட்டு, காந்தநீக்கியை ஒரு மீட்டர் தள்ளி நின்று போட்டு, மெதுவாக அருகில் கொண்டு வந்து, அதே மெதுவில் விலக்கி, மறுபடி ஒரு மீட்டர் தள்ளிப்போய் அணைக்க வேண்டும். ஹெட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அணைத்துவிட்டால் இருந்ததைவிட மோசமாகக் காந்தம் ஏறிவிடும்.

வேகத்தைச் சரிபார்க்க விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. வேகம் 19 என்று எழுதியிருந்தாலும் சரியான கணக்கு நொடிக்கு 19.05 செ.மீ., அதாவது நிமிடத்துக்கு 11.43 மீட்டர். வீணான டேப்பில் 11.43 மீட்டர் அளந்து இரண்டு முனையிலும் வெள்ளை பென்சிலால் கோடு போட்டு, கேட்கும் ஹெட்டைக் கோடு கடக்கும்போது ஸ்டாப்வாட்சை அழுத்துங்கள். அறுபது நொடி வந்தால் நிம்மதி. அரை நொடிக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஏதோ வழுக்குகிறது.

ஹெட்டின் சாய்வு, அஸிமுத் என்பார்களே, அது இந்த மெஷினில் ரொம்பவே முக்கியம். முழு அகலத்துக்கும் ஒரே தடம் என்பதால் துளி சாய்ந்தாலும் உயர்ந்த ஒலிகள் செத்துவிடும், 'ச', 'ஸ' எல்லாம் போர்வைக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். திருகாணியைத் தொடும் முன் நெயில் பாலிஷால் அதன் இப்போதைய நிலையைக் குறித்துவிடுங்கள். அளவு டேப் ஒன்று, அதாவது சரிபார்ப்பதற்கென்றே அளவான ஒலிகள் பதிந்த டேப், வாங்க முடிந்தால் அதை வைத்துச் சரிசெய்வதுதான் முறை.

அப்புறம் பதிவின் சமநிலைத் தரம், அதாவது பதியும்போதும் கேட்கும்போதும் உயர்ந்த ஒலிகளை எவ்வளவு கூட்டிக் குறைப்பது என்ற ஈக்வலைசேஷன் கணக்கு. 19 செ.மீ. வேகத்தில் ஐரோப்பிய முறைக்கு 70 மைக்ரோ நொடி, அமெரிக்க நாப் (NAB) முறைக்கு 50. டேப் ஒன்று, மெஷின் வேறொன்று என்றால் சத்தம் கூர்மையாகவோ மந்தமாகவோ வரும், அதைப் பார்த்து ஹெட்டைத் திருக ஆரம்பித்துவிடக் கூடாது. டேப் பெட்டியின் மேல் பதிவு செய்தவர் எழுதி வைத்திருக்கும் குறிப்பை முதலில் படியுங்கள்.

சினிமா டேப் என்றால் இன்னொன்று. கேமராவோடு ஒலியை ஒத்துப்போக வைக்க நியோபைலட் என்ற முறையில் 50 ஹெர்ட்ஸ் சமிக்ஞை ஒன்றை டேப்பின் நடுவில் இரண்டு மெல்லிய தடங்களாக, ஒன்றுக்கொன்று எதிர்க்கட்டத்தில், அதாவது ஒன்றின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்கும்படி, பதிந்திருப்பார்கள். முழுத்தட ஹெட்டில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் காதில் விழாது. அதே டேப்பை ஸ்டீரியோ மெஷினில் போட்டால் 'ஊம்' என்று ஒரு ரீங்காரம் கேட்கலாம். பதிவே கெட்டுவிட்டது என்று நினைத்து அந்த அலைவரிசையை வெட்டி எறிந்து, பாடுபவரின் அடிக்குரலையும் சேர்த்து வெட்டிய வேலைகளை நான் பார்த்திருக்கிறேன். நாக்ராவிலேயே ஓட்டுங்கள், முடியாவிட்டால் இரண்டு சேனலையும் சேர்த்து மோனோ ஆக்குங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும்.

கடைசியாக டேப். ரீலை விளக்கு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சுற்றுகளின் வழியே வெளிச்சம் ஊடுருவினால் டேப்பின் அடிப்படலம் அசிடேட், மறைத்தால் பாலியெஸ்டர். ஆம்பெக்ஸ் 406, 456 மாதிரி 1970, 80களின் டேப்புகள் ஈரம் வாங்கிப் பிசுபிசுத்து, ஓடும்போது கிறீச்சிடும், ஹெட்டில் பழுப்புப் பசை அப்பும். அந்த மாதிரி பாலியெஸ்டர் டேப்பைச் சுமார் 54 டிகிரி செல்சியஸில் எட்டு மணி நேரம் போல உலர வைத்தால் சில வாரங்களுக்கு ஓட்டும் நிலைக்கு வரும். பழம் உலர்த்தும் மின்கருவியில் தனியாக ஒரு தெர்மாமீட்டரை வைத்துச் செய்யலாம். மைக்ரோவேவ், கேஸ் அவன் பக்கமே போகாதீர்கள். அசிடேட் டேப்பை ஒருபோதும் சூடாக்கக் கூடாது, சுருங்கி நொறுங்கிப் போகும். வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தால் முகக்கவசம் போட்டுக்கொண்டு, மெஷினுக்கு வெளியே, மென்மையான துணியால் சுத்தம் செய்த பிறகுதான் மாட்ட வேண்டும்.

வீணான ஒரு டேப்பில் முழுசாக ஒரு தடவை ஓட்டிப் பார்த்து, ஹெட்டில் பசையோ டேப்பில் மடிப்போ இல்லை என்று தெரிந்த பிறகு, நிஜமான டேப்பை மாட்டுங்கள். முதல் ஓட்டத்திலேயே கணினியில் 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிவு ஓடிக்கொண்டிருக்கட்டும், இரண்டாவது ஓட்டம் கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். வேலை முடிந்ததும் டேப்பைப் பின்சுற்றாமல் அப்படியே வால், அதாவது கடைசி முனை, வெளியே இருக்கும்படி பெட்டியில் வையுங்கள். மெஷினில் பேட்டரியை எடுத்துவிட்டு, ரோலர் கேப்ஸ்டனைத் தொடாதபடி முன்பக்க நெம்புகோலைத் திறந்த நிலையில் விட்டு, உறைக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடுங்கள். மாதம் ஒரு தடவை எடுத்துப் பத்து நிமிஷம் ஓட்டுங்கள்.