மெடிக்கல்ல நிக்கவன் சொல்லுதேன்: பிபி மாத்திரை, இன்ஹேலர், மூக்குச் சொட்டு விஷயத்துல தெனமும் பாக்குத தப்புகள்

போன மாசம் ஒரு ஆச்சி கடைக்கு வந்தாவ. "ஏ தம்பி, அந்தச் சவத்த நிப்பாட்டி நாலு நாளாச்சு, பிபி நார்மலாயிட்டுன்னு டாக்டரே சொல்லிட்டாவள்லா, பெறவு எதுக்குத் திங்கணும், ஆனா ரெண்டு நாளா நெஞ்சு படபடங்கு, கேஸ் மாத்திரை ஒண்ணு குடு"ன்னாவ. அவிய சவம்னு சொன்னது மெட்டோப்ரொலால்ங்கத பிபி மாத்திரைய. கேஸ் மாத்திரை குடுக்கல, ஆட்டோ புடிச்சு நேரா டாக்டர்ட்ட அனுப்பி விட்டேன். பாளையங்கோட்டையில பதினாறு வருஷமா கவுண்டர்ல நிக்கேன், நான் டாக்டர் கிடையாது, ஆனா இந்த வகை மாத்திரையில மட்டும் ஒரே தப்ப ஆள் மாத்தி ஆள் செஞ்சுகிட்டே இருக்காவ, அதான் இத எழுதுதேன்.

இந்த மருந்தெல்லாம் வேலை செய்யுதது அட்ரினலின் ரிசப்டர்ல. ரிசப்டர்ங்கது ஒரு புரதம், செல்லோட மேல்சவ்வ ஊசிநூல் கோத்த மாதிரி ஏழு தடவ உள்ள வெளியன்னு துளைச்சுகிட்டு உக்காந்திருக்கும். பயந்தாலோ ஓடினாலோ ரத்தத்துல வார அட்ரினலின் அதுல வந்து ஒட்டும், ஒட்டினதும் செல்லு உள்ள வேலைய ஆரம்பிக்கும். ஒரே அட்ரினலின் ஒரு எடத்துல ரத்தக்குழாய சுருக்குது இன்னொரு எடத்துல விரிக்குதே அது எப்பிடின்னு ரொம்ப நாளா குழப்பம், 1948ல ஆல்குவிஸ்ட்னு ஒரு அமெரிக்க ஆளு ரிசப்டர் ஒண்ணில்ல, ஆல்ஃபா பீட்டான்னு ரெண்டு வகைன்னு சொன்னாரு. பெறவு பீட்டாவையே ஒண்ணு, ரெண்டுன்னு பிரிச்சாவ. பீட்டாவ அடைக்குத ப்ரொப்ரனலால கண்டுபிடிச்ச ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988ல நோபல், அந்த ரிசப்டர் புரதத்தோட உருவத்தையே புடிச்சுக் காட்டின லெஃப்கோவிட்ஸ், கோபில்கா ரெண்டு பேருக்கும் 2012ல நோபல். வரலாறு இவ்வளவு போதும், ஆச்சிகிட்ட வாரேன்.

தாமிரபரணிக் கால்வாயில தண்ணி கொறைஞ்சா நம்ம ஆளுக என்ன செய்வாவ? வயலுக்குத் தண்ணி பாயுத வாமடை ஒண்ணு இருந்த எடத்துல ராத்திரியோட ராத்திரியா மூணு வெட்டிருவாவ. செல்லும் அதத்தான் செய்யுது. ஆச்சி தின்ன மெட்டோப்ரொலாலும் பீட்டாவ அடைக்கதுதான், மாசக்கணக்கா அப்பிடி அடைச்சு வச்சா அட்ரினலின் வரத்து கொறைஞ்சு போச்சுன்னு நெனச்சு செல்லு கூடுதலா ரிசப்டர முளைக்க வச்சிரும். இப்ப மாத்திரைய சட்டுனு நிப்பாட்டினா அத்தன வாமடையிலயும் முழுத் தண்ணி பாயும், இதயம் தறிகெட்டு ஓடும், பிபி ஏறும், ஏற்கனவே இதயக் குழாயில அடைப்பு உள்ளவுகளுக்கு நெஞ்சுவலி, ஹார்ட் அட்டாக் வரைக்கும் போகும். பிபி நார்மலா இருக்கது மாத்திரை தின்னதாலதான், தின்னாம இருந்ததால இல்ல. நிப்பாட்டணும்னா டாக்டர் சொல்லுத மாதிரி ஒண்ணு ரெண்டு வாரமா படிப்படியா கொறைச்சுத்தான் எறங்கணும். குளோனிடின்னு இன்னொரு பிபி மாத்திரை திங்கவுகளுக்கு இது இன்னும் மோசம், அது வேற ரிசப்டர் ஆனா திடீர்னு விட்டா பிபி ஒரேயடியா மேல போயிரும். கோயில் கொடைக்கு ஊருக்குப் போறேன்னு கெளம்புதவிய துணிமணிக்கு முன்ன மாத்திரை அட்டைய பைக்குள்ள வைங்க.

ரெண்டாவது தப்பு, மாத்திரைக்கு அட்ரஸ் தெரியும்னு நெனைக்கது. "இது இதயத்துக்கு", "இது கை நடுக்கத்துக்கு"ன்னு சீட்டுல எழுதிக் குடுக்கோம், ஆனா மாத்திரை அந்தச் சீட்டப் படிக்காது, ரத்தம் போற எடமெல்லாம் போகும், ஒட்டுததுக்கு ஏத்த ரிசப்டர் எங்கன இருந்தாலும் ஒட்டும். பீட்டா ஒண்ணு பெரும்பாலும் இதயத்துல, பீட்டா ரெண்டு நுரையீரல் குழாயில, இதயம் ஒண்ணு நுரையீரல் ரெண்டுன்னு காலேஜ்ல மனப்பாடம் பண்ணி வச்சது. ப்ரொப்ரனலால் ரெண்டையும் அடைக்கும். ஒருநா ஒரு பையன் வாரான், இன்டர்வியூவுக்குப் போனா கை வெடவெடங்குன்னு கூட்டாளி ப்ரொப்ரனலால் தின்னானாம், இவனுக்கும் ஒரு அட்ட வேணுமாம். வீசிங் இருக்கான்னு கேட்டா சின்ன வயசுல இருந்துச்சு, மழைக்காலத்துல மட்டும் இன்ஹேலர் வைப்பேங்கான். ஏலே, ஒரே ஒரு மாத்திரை போதும்லே மூச்சுக்குழாய் சுருங்கிரும், அதுக்கு மேல நீ அடிக்க இன்ஹேலரும் அதே பீட்டா ரெண்டுல போயித்தான் ஒட்டணும், அங்கன தான் இது ஏற்கனவே உக்காந்திருக்கேன்னு சொல்லி அனுப்பினேன். மூஞ்சியத் தூக்கிட்டுப் போனான், போகட்டும்.

இதுல யாருமே யோசிக்காதது கண்ணுச் சொட்டு. கண் பிரஷருக்கு டிமோலால்னு ஒரு சொட்டு உண்டு, அதுவும் பீட்டாவ அடைக்கதுதான். கண்ணுல விட்டது கண்ணோட நிக்காது, மூக்குக்குப் போற கண்ணீர்க் குழாய் வழியா எறங்கி ரத்தத்துல கலந்துரும், இழுப்பு உள்ள தாத்தாவுக்கு இழுப்பு கூடும், நாடித்துடிப்பு கொறையும். வீட்டுல ஆஸ்துமாவுக்கு வேற மருந்து மாத்தி மாத்தி வாங்குவாவ, கண்ணு டாக்டர்ட்ட மட்டும் இழுப்பப் பத்தி வாயத் தெறக்க மாட்டாவ, கண்ணுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்னு. சொட்டு விட்டதும் மூக்கோரம் கண்ணு மூலைய வெரலால ரெண்டு நிமிஷம் அமுக்கிப் புடிச்சா உள்ள எறங்குதது கொறையும், ஆனா இழுப்பு இருக்குன்னு முதல்லயே சொல்லிரணும்.

அப்ப மெட்டோப்ரொலால், அட்டனலால் மாதிரி பீட்டா ஒண்ண மட்டும் புடிக்கதுன்னா பயமில்லையான்னா, முழுசா அப்பிடி இல்ல. கம்மி அளவுல ஒண்ண அதிகமா புடிக்கும், அளவு கூடக் கூட ரெண்டையும் புடிக்க ஆரம்பிச்சிரும். காலையில மறந்துட்டேன்னு சாயங்காலம் ரெண்டா முழுங்குதவிய இதக் கவனிக்கணும்.

சுகர் உள்ளவுகளுக்குத் தனியா ஒண்ணு. சுகர் எறங்கினா கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், அத வச்சுத்தான நாம சர்க்கரைய வாயில போடுதோம். அந்த நடுக்கமும் படபடப்பும் அட்ரினலின் வேலை, பீட்டா அடைப்பு மாத்திரை அதையே மறைச்சிரும். ஆனா வேர்வைய மறைக்காது, ஏன்னா வேர்வைச் சுரப்பிய ஓட்டுதது வேற நரம்பு ரசாயனம். அதனால இந்த மாத்திரையும் சுகர் ஊசியும் சேந்து போகுதவிய காரணமில்லாம குப்புன்னு வேர்த்தா கரண்ட் இல்ல, புழுக்கம்னு விட்டுராதீக, ஒடனே சுகர் பாருங்க.

இன்ஹேலர்ல கதையே தலகீழ். சால்பியூட்டமால் பீட்டா ரெண்ட தட்டி எழுப்புத மருந்து, மூச்சுக்குழாய் விரியும். அதுவே கை நடுக்கமும் குடுக்கும், ஏன்னா தசையிலயும் பீட்டா ரெண்டு உண்டு, அட்ரஸ் கதைதான் மறுபடி. நம்ம பக்கம் ரெண்டு தப்பு ஒண்ணுக்கொண்ணு எதிரா நடக்கும். ஒரு கூட்டம் "இன்ஹேலர் பழக்கமாயிரும்"னு பயந்து சிரப்பும் மாத்திரையுமா குடிக்கும், இன்ஹேலர்ல மைக்ரோகிராம் கணக்குல போற மருந்து சிரப்புல மில்லிகிராம் கணக்குல ஒடம்பு பூரா சுத்தும், நெஞ்சு படபடப்பும் கூடும். இன்னொரு கூட்டம் சால்பியூட்டமால் உள்ள நீல இன்ஹேலர் மட்டுமே போதும்னு தெனம் பத்துப் பன்னெண்டு தடவ அடிக்கும். தட்டிக்கிட்டே இருந்தா செல்லு என்ன செய்யும், ரிசப்டர உள்ள இழுத்து வச்சுக்கிடும், வேலை செய்யுதது கொறையும். அதவிட முக்கியம், ஆஸ்துமாங்கது உள்ள இருக்க வீக்கம், இது வீக்கத்தத் தொடாது. 2019லேர்ந்தே ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டுதல் கினா, பெரியவுகளுக்கு இத மட்டும் தனியா குடுக்காதீக, வீக்கம் கொறைக்க ஸ்டீராய்டு இன்ஹேலரும் சேரணும்னு சொல்லுது. மாசத்துக்கு ஒரு நீல இன்ஹேலர் காலியாகுதுன்னா மறு இன்ஹேலர் வாங்க எங்கிட்ட வராதீக, டாக்டர்ட்ட போங்க.

மூக்குச் சொட்டு சின்ன விஷயம்தான், சுருக்கமா சொல்லிருதேன். குத்தால சீசன்ல அருவியில நின்னுட்டு வந்து மூக்கடைப்புன்னு சைலோமெட்டாசோலின் வாங்கிட்டுப் போவாவ, அது ஆல்ஃபா ரிசப்டரத் தட்டி மூக்கு ரத்தக்குழாய சுருக்கும், அந்தாக்குல மூச்சு வரும். அஞ்சு நாளைக்கு மேல போட்டா மருந்து எறங்கினதும் மூக்கு முன்னவிட அதிகமா அடைக்கும், அடைக்குதேன்னு மறுபடி விடுவாவ. சீசன் முடிஞ்சு கார்த்திகை வரைக்கும் பாக்கெட்ல சொட்டோட அலையுதவியளப் பாத்திருக்கேன்.

இனி தேளுக்கு வாரேன், இது நம்ம ஊருக்குத் தெரிஞ்சே ஆகணும். செந்தேளோட அறிவியல் பேருலயே தாமுலஸ்னு ஒரு வார்த்தை இருக்கு, தமிழ்ங்கத லத்தீன்ல அப்பிடி எழுதியிருக்காவ, பேர் வாங்கின வெஷம்! அந்த வெஷம் நரம்பத் தூண்டி விட்டு அட்ரினலின் கூட்டத்த ஒடம்புல கொட்ட வைக்கும். வாந்தி, ஒடம்பெல்லாம் வேர்வை, கை கால் ஜில்லுனு ஆகுதது, பெறவு நுரையீரல்ல நீர் கோக்கும், சின்னப் பிள்ளைகளுக்கு ரொம்ப ஆபத்து. மகாராஷ்டிராவுல மகாட்ங்கிற ஊர்ல ஹிம்மத்ராவ் பவாஸ்கர்னு ஒரு டாக்டர், ஆல்ஃபா ஒண்ண அடைக்குத சாதாரண பிபி மாத்திரை பிரசோசின குடுத்தா பிள்ளைக பொழைக்குதுன்னு 1980கள்லயே காட்டினாரு, 2022ல பத்மஸ்ரீ குடுத்தாவ. தேள் வெஷமுறிவு ஊசியும் சேத்துப் போட்டா இன்னும் சீக்கிரம் தேறுதுன்னும் 2011ல அவரே எழுதியிருக்காரு. இங்கன தப்பு என்னன்னா, பனங்காட்டுலயோ செங்கல் சூளையிலயோ தேளு கொட்டினதும் மந்திரிக்கப் போயி ரெண்டு மணிநேரத்தத் தொலைக்கது. இன்னொரு தப்பு, இதப் படிச்சிட்டு நீங்களே பிரசோசின் வாங்கிக் குடுக்கது, பிபி எறங்கி பிள்ளை மயங்கிரும், அளவும் நேரமும் ஆஸ்பத்திரியிலதான் பாக்கணும். கொட்டின எடத்துல மட்டும் வலின்னா பெரும்பாலும் இந்த மாத்திரையே தேவப்படாது.

அதே ஆல்ஃபா ஒண்ண அடைக்க இன்னொரு மாத்திரை டாம்சுலோசின், புராஸ்டேட் வீங்கி ஒண்ணுக்கு சரியா வராத தாத்தாமாருக்கு. ராத்திரி படுக்கையிலேர்ந்து சடக்குனு எந்திச்சா தலை கிறுகிறுத்து பாத்ரூம்ல விழுந்துருவாவ, கட்டில் ஓரத்துல கொஞ்சம் உக்காந்துட்டு எந்திக்கணும். கண்மணிய விரிக்குத தசையிலயும் இதே ரிசப்டர் இருக்கு. கண்புரை ஆபரேஷன் பண்ணும்போது கண்மணி சரியா விரியாம, ஆத்துல அலசுத துணி மாதிரி கருவிழித்திரை அலையும்னு 2005ல அமெரிக்கக் கண் டாக்டர்கள் எழுதினாவ. முன்னக்கூட்டியே தெரிஞ்சா டாக்டர் அதுக்கேத்த ஏற்பாட்டோட எறங்குவாரு. ரெண்டு நாள் முன்ன நிப்பாட்டிட்டுப் போனாப் போச்சுன்னு ஒரு அண்ணாச்சி சொன்னாரு, அப்பிடி இல்ல, நிப்பாட்டி மாசக்கணக்கான பெறவும் சில பேருக்கு அது அப்பிடியே இருக்கும்னேன். கொஞ்சம் யோசிச்சவரு காலி மாத்திரை அட்டைய மடக்கி கண்ணாடிக் கூட்டுக்குள்ள வச்சிகிட்டாரு, "வாய்ல பேரு நிக்காதுடே, இதயே நீட்டிருதேன்"னுட்டு.