பாட்டுக் கேட்கிறது, பேச்சுக் கேட்கவில்லை: விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு 5.1 ஒலியைச் சரிசெய்யும் முறை

மதுரை பழங்காநத்தத்தில் வசிக்கும் என் பெரியப்பா ஒரு நாள் காலையிலேயே தொலைபேசியில் அழைத்து, "ஏப்பா, பாட்டெல்லாம் நல்லாத்தான் கேக்குது, ஆளுக பேசுறதுதான் கெணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு" என்றார். அதற்குள் அவர் ஆம்ப்ளிஃபையரையும் நடு ஸ்பீக்கரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு கடையில் காட்டி, பழுது எதுவும் இல்லை என்று கேட்டுத் திரும்பியும் வந்துவிட்டார். முந்தைய இரவு கம்ப்யூட்டர் அப்டேட் ஆனதா என்று நான் கேட்டபோது, வெகுநேரம் வட்டம் சுற்றிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். "பெரியப்பா, இனிமே எதையும் கழட்டாதீங்க, சாயங்காலம் நானே வந்து பாக்குறேன்" என்று சொல்லி வைத்தேன்.

அன்று மாலை அவர் வீட்டில் செய்தவற்றையும், அதே வகைப் பழுதுக்குப் பிற வீடுகளில் செய்து பார்த்தவற்றையும் வரிசைப்படுத்தி இங்கே எழுதுகிறேன். கம்ப்யூட்டரைப் பிரித்துப் பார்த்துப் பழக்கம் இல்லாதவர்களும் செய்யக்கூடியவைதாம் இவை. மெனுப் பெயர்கள் விண்டோஸ் 11-இல் உள்ளபடி தரப்பட்டுள்ளன. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றிய உடனே ஒலியைச் சோதித்துப் பாருங்கள். நான்கைந்து மாற்றங்களை ஒன்றாகச் செய்தால் எது குணமாக்கியது என்பதும் தெரியாது, எது புதிதாகக் கெடுத்தது என்பதும் தெரியாது.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது

5.1 என்பதில் ஐந்து என்பது முன் இடது, முன் வலது, நடு, பின் இடது, பின் வலது ஆகிய ஐந்து ஸ்பீக்கர்களையும், புள்ளிக்குப் பின் உள்ள ஒன்று தாழ்ந்த அதிர்வெண்களை மட்டும் ஒலிக்கும் சப்வூஃபரையும் குறிக்கும். திரைப்படங்களில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கான தடத்தில்தான் பதிவு செய்யப்படுகிறது. எனவே அந்த ஒரு தடம் நின்றுபோனால் பாட்டும் சண்டைச் சத்தமும் குறைவின்றிக் கேட்கும். பேச்சு மட்டும் மங்கிவிடும். பெரியப்பா சொன்ன அந்த ஒரு வரியிலேயே எங்கே தேட வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. உங்கள் வீட்டிலும் எது கேட்கவில்லை என்பதை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டரின் பின்புறம் உள்ள 3.5 மி.மீ. துளைகளின் நிறங்கள் இன்டெல்லும் மைக்ரோசாஃப்ட்டும் வகுத்த பிசி 99 வழிகாட்டுதலின் வழியே பரவலானவை. பச்சை முன் ஸ்பீக்கர்களுக்கும், கறுப்பு பின் ஸ்பீக்கர்களுக்கும், ஆரஞ்சு நடு ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும் உரியவை. மூன்றே துளைகள் உள்ள மதர்போர்டில், அதாவது கம்ப்யூட்டரின் முதன்மைப் பலகையில், கறுப்பும் ஆரஞ்சும் இருக்காது. பச்சை, நீலம், இளஞ்சிவப்பு ஆகியவை மட்டுமே இருக்கும். வழக்கமாக வெளி ஒலியை உள்ளே வாங்கும் நீலமும், மைக்குக்கான இளஞ்சிவப்பும், டிரைவரின் (ஒரு கருவியை இயக்க விண்டோஸுக்கு உதவும் மென்பொருளின்) உதவியால் பின் ஸ்பீக்கருக்கும் நடு ஸ்பீக்கருக்கும் ஒலியை வெளியே அனுப்பும் துளைகளாக மாறிக்கொள்கின்றன. டிரைவர் மாறினால் இந்த ஏற்பாடும் குலையும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே இதற்குத் திரும்ப வருவோம்.

படி 1: ரீஸ்டார்ட் செய்யுங்கள், ஷட்டவுன் அல்ல

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்னும் வசதி இயங்கும் கம்ப்யூட்டரில், ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் மையப்பகுதி முழுவதுமாக இறங்குவதில்லை. அதன் நிலை வன்தட்டில் சேமிக்கப்பட்டு அடுத்த முறை அப்படியே எழுப்பப்படுகிறது. அதனால் அரைகுறையாக ஏறிய டிரைவரும் அப்படியே திரும்பி வந்துவிடலாம். ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டுமே எல்லாம் புதிதாகத் தொடங்கும். முன்புறத் துளையில் ஹெட்போன் செருகியிருந்தால் அதை எடுத்துவிடுங்கள். சில அமைப்புகளில் அது பின்புற ஒலியை நிறுத்திவிடும்.

படி 2: ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் நலமா என்று பாருங்கள்

இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். இதைச் செய்திருந்தால் பெரியப்பாவுக்கு அந்த ஆட்டோச் செலவு மிஞ்சியிருக்கும். நம் ஊரில் அசெம்பிள் செய்து தரும் 5.1 ஆம்ப்ளிஃபையரின் முதுகில் ஆறு ஆர்சிஏ துளைகள் (ஒவ்வொரு தடத்துக்கும் ஒன்றாக உள்ள வட்டத் துளைகள்) இருக்கும். கம்ப்யூட்டரிலிருந்து வரும் மூன்று கேபிள்களும் ஒரு முனையில் ஒற்றைப் பின்னாகவும் மறு முனையில் இரண்டு ஆர்சிஏ பின்களாகவும் பிரிந்து அவற்றில் செருகப்பட்டிருக்கும். வால்யூமை முழுவதும் குறைத்துவிட்டு, முன் இடதுக்கான பின்னை உருவி, நடு ஸ்பீக்கருக்கான துளையில் செருகுங்கள். பிறகு ஏதாவது ஒரு பாட்டை ஓடவிட்டு வால்யூமை மெல்ல ஏற்றுங்கள். நடு ஸ்பீக்கர் பாடினால் ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் அவற்றுக்கு இடையிலான ஒயரும் நலமாக உள்ளன என்று பொருள். பழுது கம்ப்யூட்டர் பக்கமோ, நடு ஸ்பீக்கருக்கான கேபிளிலோதான் இருக்கிறது. பாடவில்லை என்றால்தான் கடைக்குப் போக வேண்டும், அப்போதும் சிபியுவைத் தூக்கிச் செல்லத் தேவையில்லை. சோதனை முடிந்ததும் பின்னைப் பழைய இடத்தில் செருக மறக்காதீர்கள்.

பெரியப்பா வீட்டில் பின்னைத் துளையில் வைத்த உடனே நடு ஸ்பீக்கர் கணீரென்று பாடியது. அவர் முகத்தில் பாதிக் கவலை அப்போதே நீங்கிவிட்டது.

படி 3: ஒலி எங்கே போகிறது என்று பாருங்கள்

செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்ற வரிசையில் செல்லுங்கள். அவுட்புட் பகுதியில் எந்தக் கருவி தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் அப்டேட் ஆகும்போது எச்டிஎம்ஐ (படத்தையும் ஒலியையும் ஒரே கேபிளில் அனுப்பும் இணைப்பு) வழியாக இணைந்துள்ள மானிட்டர் தன்னையே ஒலிக்கருவியாக முன்னிறுத்திக்கொள்வது உண்டு. மானிட்டரின் பெயர் அங்கே இருந்தால் ஸ்பீக்கர்ஸ் என்பதற்கு மாற்றுங்கள்.

படி 4: 5.1 என்று விண்டோஸுக்கு மறுபடி சொல்லுங்கள்

அதே சவுண்ட் பக்கத்தின் கீழே மோர் சவுண்ட் செட்டிங்ஸ் என்று ஓர் இணைப்பு இருக்கும். அதை அழுத்தினால் பழைய காலத்துச் சிறிய சாளரம் ஒன்று திறக்கும். பிளேபேக் தாவலில் ஸ்பீக்கர்ஸ் என்பதை ஒரு முறை சொடுக்கித் தேர்ந்துகொண்டு, கீழே இடப்பக்கம் உள்ள கான்ஃபிகர் பொத்தானை அழுத்துங்கள். அப்டேட்டுக்குப் பிறகு இங்கே ஸ்டீரியோ என்று மாறியிருப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். 5.1 சரவுண்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து டெஸ்ட் கொடுங்கள். படத்தில் ஒவ்வொரு ஸ்பீக்கராக ஒளிரும். ஒளிரும் ஸ்பீக்கரே அறையிலும் ஒலிக்க வேண்டும். ஒன்றை மட்டும் சோதிக்க விரும்பினால் அதன் படத்தைத் தனியே சொடுக்கினாலும் ஒலிக்கும்.

இந்தச் சோதனையை அவசரப்படாமல் செய்யுங்கள். நடு ஸ்பீக்கரைச் சொடுக்கும்போது சப்வூஃபர் உறுமினால், ஆரஞ்சுக் கேபிளின் இரண்டு ஆர்சிஏ பின்களும் இடம் மாறியுள்ளன. அவற்றை மாற்றிச் செருகினாலே போதும். முன்புறம் சொடுக்கும்போது பின்புறம் ஒலித்தால் 3.5 மி.மீ. பின்கள் துளை மாறியிருக்கலாம். சொடுக்கிய ஸ்பீக்கர் ஒன்று மட்டும் என்றில்லாமல் எல்லா ஸ்பீக்கர்களும் சேர்ந்து ஒலித்தால், ஆம்ப்ளிஃபையர் இரண்டு தடங்களைப் பிரித்து ஐந்தாகக் காட்டும் பயன்முறையில் உள்ளது, ரிமோட்டில் 5.1 உள்ளீட்டுக்கு மாற்ற வேண்டும்.

டெஸ்ட்டில் ஆறும் சரியாக ஒலித்து, நீங்கள் பார்க்கும் காணொளியில் மட்டும் பின்புறம் மௌனமாக இருந்தால் பழுதே இல்லை. உலாவியில் நாம் பார்க்கும் யூடியூப் காணொளிகளும், நாம் சேர்த்து வைத்திருக்கும் பாட்டுகளும் பெரும்பாலும் இரண்டு தடங்கள் மட்டுமே கொண்டவை. இல்லாத தடத்தை விண்டோஸால் தர இயலாது. அதனால் சோதனைக்கு எப்போதும் இந்த டெஸ்ட் பொத்தானையே நம்புங்கள்.

அடுத்தடுத்து வரும் பக்கங்களில் ஒன்றில் ஃபுல் ரேஞ்ச் ஸ்பீக்கர்ஸ், அதாவது தாழ்ந்த ஒலியையும் தாங்கும் பெரிய ஸ்பீக்கர்களா என்று கேட்கும். முன் ஸ்பீக்கர்கள் கையளவுச் சிறியவையாக இருந்தால் அந்தக் குறியை எடுத்துவிடுங்கள்.

படி 5: இடையில் புகுந்த அலங்காரங்களை நிறுத்துங்கள்

சவுண்ட் பக்கத்தில் ஸ்பீக்கர்ஸ் என்பதைத் திறந்து, ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்பதையும் ஸ்பேஷியல் சவுண்ட் என்பதையும் ஆஃப் ஆக்குங்கள். ஸ்பேஷியல் சவுண்ட் பட்டியலில் உள்ள விண்டோஸ் சோனிக் ஹெட்போனுக்காகச் செய்யப்பட்டது. உண்மையான ஆறு ஸ்பீக்கர்கள் இருக்கும் வீட்டில் அதற்கு வேலை இல்லை. அக்ஸெஸிபிலிட்டியின் கீழ் ஆடியோ பகுதியில், தடங்களை ஒன்றாகக் கலந்துவிடும் மோனோ ஆடியோ இயங்குகிறதா என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

படி 6: டிரைவர், அதாவது பெரும்பாலும் உண்மையான குற்றவாளி

கான்ஃபிகர் பட்டியலில் ஸ்டீரியோ மட்டுமே தெரிந்து 5.1 என்பதே இல்லையென்றால் இந்தப் படிதான் உங்களுக்குரியது. ஸ்டார்ட் பொத்தானை வலச்சொடுக்கு செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கன்ட்ரோலர்ஸ் என்பதை விரியுங்கள். உங்கள் மதர்போர்டில் ரியல்டெக் நிறுவனத்தின் ஒலிச் சில்லு இருந்தும், அங்கே ரியல்டெக் என்ற பெயருக்குப் பதிலாக ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ் என்று மட்டும் இருந்தால், விண்டோஸ் தன் பொது டிரைவரை வைத்துவிட்டது என்று பொருள். பொது டிரைவர் ஒலியைத் தரும். ஆனால் நீலத் துளையையும் இளஞ்சிவப்புத் துளையையும் மாற்றும் வித்தை அதற்குத் தெரியாமல் போகலாம். என்விடியா, ஏஎம்டி ஆகிய பெயர்களில் உள்ளவை எச்டிஎம்ஐ ஒலிக்கானவை. அவற்றைத் தொட வேண்டாம்.

மதர்போர்டின் ஒலிக்கருவிக்கு உரிய பெயரை வலச்சொடுக்கு செய்து பிராப்பர்ட்டீஸ், பிறகு டிரைவர் தாவலுக்குச் சென்று ரோல் பேக் டிரைவர் பொத்தானைப் பாருங்கள். அது அழுத்தக்கூடியதாக இருந்தால் அழுத்துங்கள். முந்தைய டிரைவர் திரும்பி வரும். அது மங்கியிருந்தால் அப்டேட் டிரைவர், பிரௌஸ் மை கம்ப்யூட்டர், லெட் மி பிக் என்ற வழியே சென்று, பட்டியலில் ரியல்டெக் பெயர் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். அங்கும் இல்லையென்றால் மதர்போர்டு தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான ஆடியோ டிரைவரை இறக்குங்கள். மாடல் பெயரை அறிய, ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்து, பேஸ்போர்டு புராடக்ட் என்ற வரியைப் பாருங்கள். டிரைவரைத் தேடித்தரும் இலவச மென்பொருள்களை நிறுவ வேண்டாம் என்று உங்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். தேவையில்லாத பலவற்றையும் கூடவே கொண்டுவந்து சேர்ப்பவை அவற்றில் அதிகம்.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உங்கள் பகுதிக்கு எந்த நாளில் என்பதைப் பார்த்துக்கொண்டு இந்த வேலையில் இறங்குங்கள். யுபிஎஸ் இல்லாத கம்ப்யூட்டரில் டிரைவர் பாதி ஏறியிருக்கும்போது மின்சாரம் போனால் வேலை இரட்டிப்பாகும்.

பெரியப்பாவின் கம்ப்யூட்டரில் ரோல் பேக் பொத்தான் அழுத்தக்கூடியதாகவே இருந்தது. ரீஸ்டார்ட் ஆகி வந்ததும் கான்ஃபிகர் பட்டியலில் 5.1 மீண்டும் தெரிந்தது. ஆனாலும் நடு ஸ்பீக்கர் ஒலிக்கவில்லை.

படி 7: ரியல்டெக் கன்சோலில் துளையின் வேலையைக் குறியுங்கள்

ஸ்டார்ட் மெனுவில் ரியல்டெக் ஆடியோ கன்சோலைத் திறந்து, ஸ்பீக்கர் அமைப்பை 5.1 ஆக வையுங்கள். பிறகு, பெரியப்பாவுடையதைப் போல மூன்றே துளைகள் உள்ள கம்ப்யூட்டரில், இளஞ்சிவப்புத் துளையில் உள்ள பின்னை உருவி மீண்டும் செருகுங்கள். எந்தக் கருவியைச் செருகினீர்கள் என்று ஒரு சாளரம் கேட்கும். அன்று அந்தச் சாளரத்தில் மைக் என்பதே தேர்வாகியிருந்தது. நடு ஸ்பீக்கரின் ஒலியை வெளியே அனுப்ப வேண்டிய துளை, மைக் வருமென்று காத்துக்கொண்டிருந்திருக்கிறது. சென்டர், சப்வூஃபர் என்று மாற்றிய அடுத்த நொடியில் டெஸ்ட் ஒலி நடுவிலிருந்து வந்தது. நடுவும் சப்வூஃபரும் இடம் மாறி ஒலித்தால் அவற்றை மாற்றும் விருப்பமும் சில பதிப்புகளில் இங்கேயே உண்டு.

கன்சோல் திறக்காமல் ஆர்பிசி சேவையுடன் இணைக்க இயலவில்லை என்று சொன்னால், டிரைவரும் கன்சோலும் ஒன்றுக்கொன்று பொருந்தாத பதிப்புகளாக இருக்கக்கூடும். மதர்போர்டு இணையதளத்து டிரைவரை மறுபடி நிறுவிப் பாருங்கள்.

எச்டிஎம்ஐ, ஆப்டிகல், யுஎஸ்பி வைத்திருப்பவர்களுக்கு

ஒலியை ஒளியாக அனுப்பும் ஆப்டிகல் கேபிள் சுருக்கப்படாத ஒலியில் இரண்டு தடங்களை மட்டுமே சுமக்கும், 5.1 ஒலி டால்பி டிஜிட்டலாகவோ டிடிஎஸ்ஸாகவோ சுருக்கப்பட்டால்தான் அதன் வழியே போகும். விளையாட்டுகளின் ஒலியை உடனுக்குடன் அப்படிச் சுருக்கும் டால்பி டிஜிட்டல் லைவ் வசதி டிரைவரோடு வருவது. எனவே இங்கும் மருந்து படி 6 தான். எச்டிஎம்ஐ கேபிள் முதலில் டிவிக்கும் அங்கிருந்து ரிசீவருக்கும் (எச்டிஎம்ஐ உள்ளீடு கொண்ட ஆம்ப்ளிஃபையருக்கும்) போகும்படி இருந்தால், டிவி தனக்கு இரண்டு தடங்களே தெரியும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடலாம். ரிசீவரை முதலிலும் டிவியை அடுத்ததாகவும் இணையுங்கள். யுஎஸ்பி ஒலிக்கருவிகளைப் பொறுத்தவரை, 2025 ஜனவரி மாத விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு யுஎஸ்பி ஆடியோ 1.0 வகை டிரைவரைப் பயன்படுத்தும் சில கருவிகள் இயங்காமல் போனதை மைக்ரோசாஃப்ட்டே ஒப்புக்கொண்டு பிறகு திருத்தம் வெளியிட்டது. நிலுவையில் உள்ள அப்டேட்களை முடிப்பதே அங்கே வழி.

படி 8: எதுவும் பலிக்காதபோது அப்டேட்டையே நீக்குங்கள்

செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அப்டேட் ஹிஸ்டரி, அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் என்று சென்று, பழுது தொடங்கிய நாளில் ஏறியதை நீக்கலாம். விண்டோஸின் பதிப்பே மாறியிருந்தால், ரிக்கவரி பகுதியில் கோ பேக் என்ற பொத்தான் வழக்கமாக 10 நாள்கள் வரை இருக்கும். நீக்கிய பின் அப்டேட்டைச் சில வாரங்கள் நிறுத்தி வையுங்கள், ஆனால் நிரந்தரமாக நிறுத்த வேண்டாம். பாதுகாப்புத் திருத்தங்களும் அதன் வழியேதான் வருகின்றன.

ஆறு ஸ்பீக்கர்களும் ஒலித்து முடிந்ததும், கம்ப்யூட்டரின் பின்புறத் துளைகள், ஆம்ப்ளிஃபையரின் முதுகு, டிவைஸ் மேனேஜரின் டிரைவர் தாவலில் உள்ள பதிப்பு எண் ஆகிய மூன்றையும் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். பெரியப்பா அந்தப் படங்களை அச்செடுத்துக் கம்ப்யூட்டர் மேசையின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறார்.