சொந்தக் குறிப்புகளை ஏஐ-யிடம் கொடுக்கும் முன்

சாட்ஜிபிடியில் குறிப்புகளை ஒட்டிச் சுருக்கம் கேட்பவரா? முதலில் செட்டிங்ஸில் 'டேட்டா கன்ட்ரோல்ஸ்' போய், உரையாடல்களை ஏஐ-யின் பயிற்சிக்குப் பயன்படுத்தும் சுவிட்சை அணைத்துவிடுங்கள். 'டெம்பரரி சாட்' என்ற தற்காலிக உரையாடலில் பேசுவது ஹிஸ்டரியில் சேராது. ஆனாலும் பாதுகாப்புக் காரணத்துக்காக 30 நாள் வரை சாட்ஜிபிடியை நடத்தும் ஓபன்ஏஐ நிறுவனத்திடம் இருக்கலாம்.

என்னைக் கேட்டால், ஒட்டுவதற்கு முன் செய்யும் வேலைதான் முக்கியம். டாக்டர் சொன்னது, அக்காவின் விவாகரத்து வழக்கு, பேங்க் கணக்கு எண் எல்லாம் ஒரே பக்கத்தில் கிடக்கும். எண்களையும் பாஸ்வேர்டையும் அழியுங்கள். பெயர்களை 'அ', 'ஆ' என்று மாற்றுங்கள். அக்காவிடம் நாம் அனுமதி கேட்கவில்லையே! நோட்ஸ் ஆப்பை மொத்தமாக இணைக்காமல், தேவையான பத்தியை மட்டும் கொடுங்கள்.

வெளியே போகவே கூடாத குறிப்புகளா? சொந்தக் கம்ப்யூட்டரிலேயே ஏஐ-யை ஓட்ட உதவும் ஒல்லாமா என்ற மென்பொருள் மூலம் ஒரு ஏஐ மாடலை இறக்கிக்கொண்டால், இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டே ஓட்டலாம்.