தொட்டில் வாங்க வருகிறவர்களுக்குப் பட்டறையில் நான் சொல்வது

அயனாவரத்தில் மரப்பட்டறை வைத்திருக்கிறேன். தொட்டில் கேட்டு வருகிறவர்கள் முதலில் தடவிப் பார்ப்பது தலைமாட்டில் உள்ள பூவேலைப்பாட்டை. நான் டேப்பைக் கையில் கொடுத்து, பக்கச் சட்டங்களுக்கு நடுவே அளக்கச் சொல்வேன். அமெரிக்காவில் அந்த இடைவெளி 6 செ.மீ.யைத் தாண்டக் கூடாது என்று விதியே இருக்கிறது. நானும் அதைத்தான் வைத்துக்கொள்கிறேன். அகலம் கூடினால் பிள்ளையின் காலும் இடுப்பும் வழுக்கி வெளியே போய்விடும், தலை மட்டும் உள்ளே சிக்கும். துளை விழுந்த பூவேலையிலும் இதே ஆபத்து உண்டு. மூலைக் கால்களுக்கு மேலே குமிழும் வேண்டாம், சட்டை மாட்டிக்கொள்ளும்.

அப்புறம் மெத்தை. இலவம்பஞ்சுதான் உடம்புக்குக் குளிர்ச்சி என்பார்கள் பெரியவர்கள். அவர்களுக்குச் சரி. குப்புறக் கவிழ்ந்த பச்சைக் குழந்தைக்கு மூக்கு அதில் புதைந்துவிடும். அழுத்திக் கையை எடுத்தால் பள்ளம் நிற்காத கெட்டி மெத்தையாக வாங்குங்கள். ஓரத்தில் இரண்டு விரலுக்கு மேல் நுழைந்தால் அந்த மெத்தை தொட்டிலுக்குச் சின்னது. தலையணை, திண்டு, பொம்மை எதையும் உள்ளே வைக்காமல், குழந்தையை மல்லாக்கப் படுக்கவையுங்கள். கொசுவலையை வெளிப்பக்கம் இழுத்துக் கட்டுங்கள், உள்ளே தொங்கக் கூடாது.

சொந்தத்தில் கைமாறி வரும் பழைய தொட்டில் என்றால் பெயின்ட்டைப் பாருங்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு, மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பல் முளைக்கிற பிள்ளை மேல்சட்டத்தைத்தான் கடிக்கும். வீட்டிலேயே உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம், அந்தத் தூளே விஷம். ஒரு பக்கத்தைக் கீழே இறக்குகிற மாதிரியான தொட்டிலை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கொக்கி தேய்ந்து பலகை கழன்று, அந்தச் சந்தில் குழந்தைகள் சிக்கி இறந்ததால், அமெரிக்காவில் 2011லேயே அதன் விற்பனைக்குத் தடை போட்டார்கள்.

புதுசாக இருந்தாலும் நம்மூர் மரம் ஐப்பசி மழையில் ஊறி உப்பும், கத்திரி வெயிலில் சுருங்கும். போல்ட் தானாக இளகும். மாதத்துக்கு ஒருமுறை மேல்சட்டத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் கண்டால் உடனே முடுக்குங்கள். போல்ட் தொலைந்துபோனால் அதே அளவில் வாங்கிப் போடுங்கள், ஆணி அடித்துச் சமாளிக்க வேண்டாம்.

பிள்ளை உட்காரத் தொடங்கியதும் மெத்தைத் தட்டைக் கீழே இறக்குங்கள். எழுந்து நிற்கப் பார்ப்பதற்குள் அது கடைசிப் படியில் இருக்க வேண்டும்.